சட்டம் வந்துவிட்டது, கோப்பு எங்கே?

சில மாதங்களுக்கு முன் ஒரு மூதாட்டிக்காக நான் எழுதிக்கொடுத்த தகவல் மனுவுக்கு ஒரே வரியில் பதில் வந்தது. "தாங்கள் கோரிய கோப்பு இவ்வலுவலகத்தில் தேடப்பட்டது, கிடைக்கப்பெறவில்லை." சாலைப் பணியாளராக இருந்து இறந்துபோன கணவரின் பேரில் தமக்கு வர வேண்டிய குடும்ப ஓய்வூதியம் எந்த மேசையில் நின்றுபோனது என்பதுதான் அவருடைய கேள்வி. பதிலை நான் படித்துக் காட்டியதும், "இல்லை என்கிறார்களா, தர மாட்டோம் என்கிறார்களா?" என்று கேட்டார். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் உடனே பிடித்துக்கொண்டது என்னை வியக்கவைத்தது. தகவல் உரிமை குறித்து நான் படித்த அறிக்கைகள் பலவும் மறுப்பைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. இல்லாமையைப் பற்றி ஒரு பத்தியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. வளரும் நாடுகளில் மக்கள் அரசுத் தகவலைப் பெற உதவ விரும்புகிறவர்கள் எங்கே கை வைக்க வேண்டும் என்ற கேள்வியை நான் அந்த மூதாட்டியின் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறேன்.

சட்டங்களுக்கு இன்று பஞ்சமில்லை. 1766இல் சுவீடன் இயற்றிய அச்சுரிமைச் சட்டமே அரசு ஆவணங்களைக் குடிமக்கள் பார்க்கவும் வெளியிடவும் வழிசெய்த முதல் சட்டம் என்பர். அதற்காக வாதாடிய ஆண்டர்ஸ் சூடேனியஸ் இன்றைய பின்லாந்துப் பகுதியைச் சேர்ந்த ஒரு பாதிரியார். அப்போதைய சுவீடன் பணக்கார நாடன்று, உழவை நம்பியிருந்த ஏழை நாடு. வெளிப்படைத்தன்மை செல்வ நாடுகளுக்கே கட்டுப்படியாகும் ஆடம்பரம் என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு செய்தி போதும் என்று நினைக்கிறேன். அச்சட்டம் நெடுநாள் முழு வலிமையோடு நிலைக்கவும் இல்லை. 1772இல் மன்னர் மூன்றாம் குஸ்தாவ் அதிகாரத்தைக் கைப்பற்றிய பின் அதன் கூர் மழுங்கடிக்கப்பட்டது. அதன் பிறகு இரண்டு நூற்றாண்டுகள் கழித்தும், 1990ஆம் ஆண்டளவில், ஏறத்தாழ ஒரு டஜன் நாடுகளில்தான் இத்தகைய சட்டம் இருந்தது. இன்று 120க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. தென்னாப்பிரிக்கா 2000இலும், மெக்சிகோ 2002இலும், இந்தியாவும் உகாண்டாவும் 2005இலும், நேபாளம் 2007இலும், வங்கதேசம் 2009இலும், நைஜீரியா 2011இலும், இலங்கையும் கென்யாவும் 2016இலும் சட்டம் இயற்றின. இந்திய மாநிலங்களுள் முதலாவதாக, 1997இலேயே, தமிழ்நாடு ஒரு தகவல் உரிமைச் சட்டத்தை இயற்றியது. விதிவிலக்குகள் மலிந்த அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வெளிநாட்டு நிதியும் நிபுணர்களும் இந்தப் பரவலுக்குத் துணைநின்றார்கள் என்பதை மறுக்க முடியாது. சட்டம் இயற்றுவது கண்ணுக்குத் தெரியும் சாதனை. அதற்கு ஒரு தேதி உண்டு, படம் எடுத்துக்கொள்ள ஒரு விழா உண்டு, அறிக்கையில் குறிப்பிட ஓர் எண் உண்டு. அதற்குப் பின் வரும் வேலைக்கு இவை எதுவும் இல்லை.

இந்தியச் சட்டத்தின் வேர் எங்கே இருந்தது என்று பார்த்தால் அந்தப் பின்வேலையின் இயல்பு விளங்கும். ராஜஸ்தானில் 1990இல் தொடங்கப்பட்ட மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு கருத்துரிமையைப் பற்றிய விவாதமாக இதைத் தொடங்கவில்லை. வறட்சி நிவாரணப் பணிகளில் மண் வெட்டிய கூலித் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கொடுக்கப்படவில்லை. ஏனென்று கேட்டபோது, நீங்கள் செய்த வேலையின் அளவு குறைவு, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. சரி, அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்றார்கள். அது அரசு ரகசியம் என்றார்கள் அதிகாரிகள். அமைப்பைத் தொடங்கிய அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரும் அவர்களோடு நின்ற ஊர்மக்களும் கேட்டது மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டையும், பொருள் வாங்கிய ரசீதுகளையும், அளவுப் புத்தகத்தையும்தான். 1994 டிசம்பரில் கோட் கிரானாவில் நடந்த முதல் மக்கள் விசாரணையில் இந்தத் தாள்கள் ஊர் நடுவே உரக்கப் படிக்கப்பட்டன. வேலைக்கே போகாதவர்களின் பெயர்களில் கூலி எழுதப்பட்டிருந்ததையும், முடியாத கட்டடம் முடிந்ததாகக் கணக்கு எழுதப்பட்டிருந்ததையும் ஊர்க்காரர்கள் தங்கள் காதால் கேட்டார்கள். 1996இல் பியாவர் நகரில் 40 நாள் நீடித்த அமர்வுப் போராட்டத்தில் எழுந்த முழக்கம், எங்கள் பணத்துக்கு எங்களிடம் கணக்குக் காட்டு என்பது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 2005 அக்டோபர் 12 அன்று, நாடு தழுவிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

எழுத்தறிவு இல்லாதவருக்கும் தகவல் உரிமை பயன்படும் என்பதை அந்த விசாரணை காட்டியது. படிப்பதற்கு ஒருவர் இருந்தால் போதும், சரிபார்க்க ஊரே இருக்கிறது. இந்தப் பகுதியைப் பெரும்பாலானோர் எழுதிவிட்டார்கள். அவ்வளவாக எழுதப்படாத இன்னொன்றும் அங்கே நடந்தது. படிக்க ஒரு தாள் இருந்தது. பொய்யாகவே எழுதப்பட்டிருந்தாலும் வருகைப் பதிவேடு என்ற ஒன்று எழுதப்பட்டு, எண்ணிடப்பட்டு, ஓர் அலமாரியில் வைக்கப்பட்டிருந்தது. பொய்ப் பதிவேட்டைப் பொய் என்று நிறுவலாம். இல்லாத பதிவேட்டை என்ன செய்ய முடியும்?

அதனால்தான் இந்தியச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் பதிவேடுகள் அனைத்தையும் வகைப்படுத்தி, அட்டவணையிட்டுப் பேண வேண்டும் என்ற கடமையோடு தொடங்குகிறது. கேட்கும் உரிமையை நடைமுறைப்படுத்தும் 6ஆம் பிரிவுக்கு முன்பே இது வந்துவிடுகிறது. சட்டம் எழுதியவர்களுக்கு வரிசை தெரிந்திருந்தது. அதே பிரிவு, அலுவலகத்தின் கடமைகள், அதிகாரிகளின் ஊதியம், மானியத் திட்டங்களின் பயனாளிகள் என 17 தலைப்புகளில் தகவல்களை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்று கூறி, அதற்கு 120 நாள் கெடுவும் வைத்தது. அந்தக் கெடு முடிந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. நான் மனு அனுப்பிய பல அலுவலகங்களில் அந்த 17 தலைப்புகள் இன்னும் பழைய அதிகாரிகளின் பெயர்களோடு நிற்கின்றன.

பதிவறை என்பது அலுவலகத்தில் யாரும் விரும்பிப் போகாத இடம். தண்டனையாக மாற்றப்பட்டவர்களும் ஓய்வுக்கு ஓராண்டு இருப்பவர்களும் அங்கே அமர்த்தப்படுவது பல நாடுகளில் காணப்படும் வழக்கம். மூடப்பட்ட கோப்பு அங்கே அனுப்பப்படும்போது அது எத்தனை ஆண்டு வைக்கப்பட வேண்டும் என்று அதன் மேலேயே குறிக்கப்பட வேண்டும். குறிக்கப்படாதவை மூட்டையாகக் கட்டப்பட்டு, மூட்டை மேல் மூட்டையாக ஏறி, அடியில் இருப்பது கரையானுக்கும் ஈரத்துக்கும் போய்ச் சேரும். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் விடுதலைக்குப் பின் அரசின் வேலைகள் பெருகிய வேகத்துக்குப் பதிவேட்டு முறை வளரவில்லை. 1989இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுப் பதிவேடுகள் மேலாண்மை அறக்கட்டளை இந்தச் சிக்கலையே தன் பணியாக எடுத்துக்கொண்டது. சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயருக்கு உரிய ஆள் உண்மையில் இருக்கிறாரா என்பதை அவருடைய பணிக் கோப்பு இல்லாமல் எப்படிச் சரிபார்ப்பது என்ற எளிய கேள்வி, கோடிக்கணக்கான பணம் சார்ந்த கேள்வியும் ஆகும். தகவல் உரிமைக்காக வந்த நிதியோடு ஒப்பிட்டால், பதிவறைக்காக வந்த நிதி சொற்பம் என்பது என் கணிப்பு. இரும்பு அலமாரிக்கு நன்கொடை கொடுத்தேன் என்று யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை.

இப்போதெல்லாம் இதற்கு உடனே வரும் மறுமொழி, எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிடலாம் என்பது. ஒழுங்கில்லாத கோப்பை ஸ்கேன் செய்தால் ஒழுங்கில்லாத ஸ்கேன்தான் கிடைக்கும். மூட்டைக்குள் தேடியதை இனி வன்தட்டுக்குள் தேடுவோம். கென்யா 2011இல் ஆப்பிரிக்காவின் முன்னோடிகளுள் ஒன்றாக, அரசுத் தரவுகளை யாரும் இணையத்தில் பார்த்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த தரவுத் தளத்தைத் தொடங்கியபோது உலகமே பாராட்டியது. சில ஆண்டுகளில் அதன் தரவுகள் புதுப்பிக்கப்படாமல் தேங்கின. அமைச்சகங்களுக்குள் அந்தத் தரவுகளைத் தொடர்ந்து உருவாக்கித் தரும் அன்றாட வேலை முறை வேரூன்றவில்லை. இதற்கு மாறாக, ராஜஸ்தான் அரசு 2019இல் தொடங்கிய ஜன் சூசனா தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கடைக்கு எவ்வளவு தானியம் வந்தது, எந்த ஓய்வூதியம் யாருக்குப் போகிறது என்பதை ஊர் வாரியாக அங்கே பார்க்கலாம். எந்தத் தகவல் எந்த வடிவில் வேண்டும் என்பதை மக்கள் அமைப்புகளும் அரசுத் துறைகளும் ஒன்றாக அமர்ந்து பேசித் தீர்மானித்ததால் அதற்குப் பயன் ஏற்பட்டது. தளம் என்ற சொல் இரண்டுக்கும் பொது. உள்ளே இருக்கும் உழைப்பு வேறு.

தானாக முன்வந்து வெளியிடுவதன் வலிமைக்கு எப்போதும் காட்டப்படும் உதாரணம் உகாண்டா. 1991 முதல் 1995 வரையிலான காலத்தில் பள்ளிகளுக்கென மைய அரசு மாணவர் எண்ணிக்கைப்படி ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 விழுக்காடே பள்ளிகளைச் சென்றடைந்தது என்று ஓர் ஆய்வு கண்டறிந்தது. மீதி வழியில் மாவட்ட அலுவலகங்களில் கரைந்தது. அதன் பின் அரசு ஒவ்வொரு மாதமும் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பப்பட்டது என்பதைச் செய்தித்தாள்களில் வெளியிட்டது. பள்ளிச் சுவரிலும் அறிவிப்பு ஒட்டச் செய்தது. 2001ஆம் ஆண்டளவில் 80 விழுக்காட்டுக்கு மேல் பள்ளிகளை வந்தடைந்தது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலரும் செய்தித்தாள் அறிவிப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே ஆண்டுகளில் கட்டணமில்லாத் தொடக்கக் கல்வி வந்தது, நிதி அனுப்பும் முறையும் கண்காணிப்பும் மாறின. ஆகவே முழுப் புகழையும் அறிவிப்புக்கே கொடுக்கலாகாது என்று பின்னர் வந்த ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். எனக்கு அந்தத் திருத்தம்தான் பிடித்திருக்கிறது. தலைமையாசிரியர் சுவரில் ஒட்டப்பட்ட தொகையைப் பார்த்துவிட்டு யாரிடம் போய்க் கேட்பது என்பதும் தெளிவாக இருந்தால்தான் அந்தத் தாள் வேலை செய்யும்.

அடுத்தது, கேட்பவருக்கு அருகில் நிற்கும் ஆள். இந்தியாவில் மைய அரசு அலுவலகங்களுக்கு மனுக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. ஏன் கேட்கிறாய் என்று அலுவலர் கேட்கக் கூடாது. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தில் கொண்டுவர உதவுவது பொதுத் தகவல் அலுவலரின் கடமை. 30 நாளில் பதில் தர வேண்டும். உயிரோ தனிமனித சுதந்திரமோ சார்ந்ததென்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும். காலம் தவறினால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அலுவலருக்கே தண்டம். தாளில் இதைவிட எளிமையான சட்டம் அரிது. தில்லிக் குடிசைப் பகுதிகளில் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஓர் ஆய்வு, ரேஷன் அட்டைக்கு விண்ணப்பித்தவர்களைச் சில குழுக்களாகப் பிரித்துப் பார்த்தது. சும்மா காத்திருந்தவர்களுக்கும் தொண்டு நிறுவனத்தின் பரிந்துரைக் கடிதம் வைத்தவர்களுக்கும் அட்டை எளிதில் வரவில்லை. லஞ்சம் கொடுத்தவர்களுக்கு அடுத்தபடியாக விரைவில் அட்டை பெற்றவர்கள், விண்ணப்பத்தின் நிலை என்ன என்று தகவல் மனு போட்டவர்கள். ஏழையின் கையில் லஞ்சத்துக்குக் கிட்டத்தட்ட ஈடான ஒரு கருவி கிடைத்திருக்கிறது என்பது சிறிய செய்தியன்று.

ஆனால் அந்த மனுவில் கேள்வியை எப்படி எழுதுவது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. "எனக்கு ஏன் ஓய்வூதியம் தரவில்லை?" என்று எழுதினால், விளக்கம் கேட்பது தகவல் கேட்பதாகாது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். "இன்ன எண்ணுள்ள விண்ணப்பம் எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் இருந்தது, அவர் அதில் எழுதிய குறிப்பின் நகலைத் தருக" என்று எழுதினால் அதே அலுவலகம் அசையும். இந்த நுணுக்கத்தைச் சட்டப் புத்தகம் சொல்லித்தராது. நாலு மனு எழுதித் தோற்றவர்தான் சொல்லித்தர முடியும். ஆகவே நூலகங்களிலும் ஊராட்சி அலுவலகத் திண்ணைகளிலும் வாரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவருக்குத் தரும் பயணச் செலவு, தலைநகர விடுதியில் நடக்கும் ஒரு பயிலரங்கைவிடப் பயன் தரும் என்பது என் துணிபு. மொழியும் இங்கே வந்து நிற்கிறது. மக்கள் பேசும் மொழி ஒன்றாகவும் கோப்பு எழுதப்பட்ட மொழி வேறாகவும் இருக்கும் நாடுகளில், நகல் கையில் கிடைத்த பிறகும் தகவல் கிடைத்ததாகாது. ஆப்பிரிக்காவில் கோப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ போர்த்துகீசிய மொழியிலோ இருக்கின்றன.

தனியே கேட்பதில் ஆபத்தும் உண்டு. இந்தியாவில் மணல், சுரங்கம், நிலம் பற்றிக் கேட்டவர்கள் தாக்கப்பட்டிருக்கிறார்கள், கொல்லப்பட்டுமிருக்கிறார்கள். ஒருவர் பெயரில் போகும் கேள்வியை ஐம்பது பேர் தனித்தனியே கேட்டால் யாரை மிரட்டுவது என்பது மிரட்டுபவருக்கே குழப்பமாகிவிடும். சங்கங்கள் அறிந்திருக்கும் இந்த எளிய உபாயத்தைத் தனிமனிதர்களுக்கும் சொல்லித்தர வேண்டும்.

வெளியிலிருந்து உதவ வருகிறவர்களிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி உண்டு: உங்கள் ஒப்பந்தத்தை வெளியிட்டீர்களா? மொசாம்பிக்கில் 2013, 2014 ஆண்டுகளில் மூன்று அரசு சார் நிறுவனங்களின் பேரில், நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல், அரசின் உத்தரவாதத்தோடு ஏறத்தாழ 200 கோடி டாலர் கடன் வாங்கப்பட்டது. சூரை மீன்பிடிக் கப்பல்களும் கடலோரக் காவலும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். கடன் கொடுத்தவற்றுள் ஐரோப்பாவின் பெரிய வங்கிகள் இருந்தன. அந்தக் கடனில் பெரும்பகுதி நாட்டு மக்களுக்கே தெரியாமல் இருந்து 2016இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. பன்னாட்டு நாணய நிதியமும் நன்கொடை நாடுகளும் நிதியை நிறுத்தின, நாணய மதிப்பு சரிந்தது, அதன் சுமையைத் தாங்கியவர்கள் அந்தக் கடனைப் பற்றிக் கேள்விப்பட்டிராத மக்கள். மொசாம்பிக் தன் தகவல் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது 2014இன் இறுதியில். கடன் இருப்பதே தெரியாதபோது எந்த மனுவில் எந்த எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்பது? பின்னர் அந்நாட்டின் அரசியல் சாசன மன்றம் அந்த உத்தரவாதங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. உலக வங்கி 2010இல் தன் ஆவணங்களைப் பொதுவாக வெளியிடுவது, விலக்குகளைப் பட்டியலிடுவது என்ற கொள்கைக்கு மாறியது நல்ல முன்மாதிரி. கடன் கொடுக்கும் மற்ற அரசுகளும் வங்கிகளும் ரகசிய ஒப்பந்தங்களில் கையொப்பமிட்டுக்கொண்டே வெளிப்படைத்தன்மைப் பயிலரங்குக்குச் சிற்றுண்டிச் செலவு கொடுப்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

சட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து மகிழ்வதும் கூடாது. ஜிம்பாப்வே 2002இல் தகவல் அணுக்கம் என்ற சொல்லைப் பெயரிலேயே கொண்ட ஒரு சட்டத்தை இயற்றி, அதைக்கொண்டு பத்திரிகையாளர்கள் உரிமம் பெற வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. பத்திரிகைகளை மூடவும் அது பயன்பட்டது. மெக்சிகோவின் தன்னாட்சித் தகவல் நிறுவனம் இருபது ஆண்டுகளுக்கு மேல் உலகுக்கு எடுத்துக்காட்டாக விளங்கியது. 2024 இறுதியில் கொண்டுவரப்பட்ட அரசியல் சாசனத் திருத்தம் அதை ஒழித்து, அதன் பணிகளை அரசின் கீழ் உள்ள அமைப்புகளுக்கு மாற்ற வழிசெய்தது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், மேல்முறையீடுகளை விசாரிக்கும் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் மைய அரசே நிர்ணயிக்கும்படி செய்தது. 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் தனிநபர் தகவல் குறித்த விதிவிலக்கில் முன்பு இருந்த நிபந்தனைகளை நீக்கி எழுதியது. பயனாளிப் பட்டியலும் வருகைப் பதிவேடும் பெயர்களால் ஆனவை. பெயர்களை மறைத்துவிட்டால் கோட் கிரானாவில் படித்துக் காட்ட என்ன இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மூதாட்டியின் மனுவுக்கு வருகிறேன். முதல் மேல்முறையீட்டில், பதிவறையை நேரில் ஆய்வு செய்துகொள்ள எங்களுக்கு அனுமதி கிடைத்தது. ஆவணங்களைப் பார்வையிடுவதும் சட்டம் தரும் உரிமைதான். இரண்டு பிற்பகல்கள் தேடினோம். பதிவறை எழுத்தர் முகம் சுளிக்காமல் மூட்டைகளை இறக்கி வைத்தார். கோப்பு வேறொரு துறையின் மூட்டைக்குள், வேறோர் ஆண்டின் கட்டில் இருந்தது. யாரும் ஒளித்து வைக்கவில்லை. இடம் இல்லாததால் யாரோ எப்போதோ அங்கே செருகியிருக்கிறார்கள். அலமாரியும் விளக்கும் கேட்டு மேலிடத்துக்கு மூன்று முறை எழுதிவிட்டதாக எழுத்தர் சொன்னார். பதில் வந்ததா என்று கேட்டேன். சிரித்தார்.

மூதாட்டியின் கோப்பு இப்போது கணக்குப் பிரிவில் இருக்கிறது. அன்று மாலையே நான் இன்னொரு மனு எழுதினேன். பதிவறைக்கு அலமாரிகள் கோரி அனுப்பப்பட்ட கடிதங்கள் எந்தெந்தத் தேதிகளில் பெறப்பட்டன, அவை யாரிடம் இருந்தன, அவற்றின் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல்கள் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். முப்பது நாள் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.